கணினிக்கு வைத்த சந்தனம்

நல்லபிள்ளை என்று பெயரெடுக்க ஆசைப்பட்டு நான் செய்த காரியங்களால்தான் எங்கள் வீட்டில் அதிகம் பழுதாகியிருக்கிறது. சரஸ்வதி பூசைக்குக் கணினிக்குச் சந்தனம் வைத்தது அதில் முதலிடம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பூசையில் புத்தகங்களோடு அம்மாவின் தையல் மெஷினும் அக்காவின் கணினியும் இருக்கும். கணினித் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த அக்கா, தூசு தட்டுவதற்காக அதன் பக்கத் தகட்டைக் கழற்றியவள், பூசை அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டாள். அதைத் தொட்டால் முதுகுத் தோல் உரியும் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் உள்ளே இருப்பதையெல்லாம் அக்கா களவாக எனக்குக் காட்டித் தந்திருந்தாள். ராம் என்ற சின்னப் பலகையைக் கழற்றவும் பூட்டவும் எனக்குத் தெரியும்.

அம்மா கணினிக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போனது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. வேலை செய்வதெல்லாம் உள்ளே இருப்பவை அல்லவா? ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ராமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பில் வரிசையாகச் சந்தனம் வைத்து, திரும்பப் பூட்டினேன். என்ன பெருமை எனக்கு!

பூசையில் வைத்ததை விஜயதசமிவரை தொடக்கூடாது. அன்று காலை அக்கா சுவிட்சைப் போட்டாள். கணினி மூன்று தரம் கீச்சிட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

"ஐயோ கடவுளே!" என்றாள் அக்கா.

ஒரு பள்ளிக்கூடத்துக் கணினிகளையெல்லாம் ஒரே வலையமைப்பாக இணைக்கும் அவளுடைய இறுதிச் செயற்றிட்டம் அதற்குள் இருந்தது. மறுநாள் கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம் படிக்கவேண்டும்.

அக்கா ராமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்ரை அழிறப்பரைக் கொண்டு வா."

பென்சில் எழுத்தை அழிக்கிற அழிறப்பரா! கணினியின் ஞாபகம் எல்லாம் ராமில்தான் இருக்கிறது என்று சொல்லித் தந்தவளே அவள்தானே. "தேய்க்காதை அக்கா, எல்லாம் அழிஞ்சு போயிடும்!" என்று ஓவென்று அழுதேன்.

"விசரி, கரண்ட் நிண்டால் இது எல்லாத்தையும் மறந்துபோகும். என்ரை வேலை ஹார்ட் டிஸ்க்கிலையெல்லோ கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே அழிறப்பரைத் தானே எடுத்து, ராமின் விளிம்பைத் தேய்த்துப் பூட்டினாள். இந்தமுறை திரை வெளித்தது. செயற்றிட்டம் அப்படியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என் அழுகை கேட்டு அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தார்.

"என்ன, உவளே பழுதாக்கினவள்?"

"இல்லையம்மா, உள்ளுக்கை கொஞ்சம் புழுதி," என்றாள் அக்கா.

அவள் விரலிலிருந்து சந்தனம் எனக்கே மணத்தது. பாவம், அக்காவுக்குத் தடிமனாக்கும், மூக்கடைத்துப் போயிற்று, நான் தப்பிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.