சென்னைத் தபால்

பதினோரு வருடம் ஒரே கால்பந்து அணிக்குத் தடுப்பு வரிசையில் ஸ்டாப்பராக ஆடினேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அணி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவனைக் கூட்டி வந்து செக்கிங் செக்‌ஷனில் போட்டார்கள். பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலை ஐந்தரைக்கு மைதானம், எட்டரைக்குக் கம்பெனி. ஒரே அணியில் இருந்ததற்காக ஒரு விழாவில் விசுவாசி என்று சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். விசுவாசமாவது மண்ணாங்கட்டியாவது! சென்னையில் ஒரு அரசு நிறுவனத்து அணியில் வேலையோடு கூப்பிட்டார்கள். முதலாளி, "இந்த ஷிப்மென்ட் முடியட்டுங்க, நானே ரயில் ஏத்தி உடறேன்" என்றார். முடிவதற்குள் அங்கே வேறொருவனை எடுத்துவிட்டார்கள். அவர் கெட்டவரில்லை. இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாமே ஷிப்மென்ட் முடிந்த பிறகுதான்.

முழங்கால் போனதும் என்னையே கோச் ஆக்கினார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. என் இடத்தில் ஆட ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் வந்தான். அயர்னிங் மாஸ்டர். காலையில் என்னிடம் ஓடிவிட்டு, பகல் முழுக்க நின்றபடியே தேய்ப்பான். இருபத்து நான்கு வயது, மனைவி, கைக்குழந்தை. வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், என்னைவிட நல்ல ஆட்டக்காரன். எதிராளி தனியாகப் பந்தோடு வந்தால் தரையோடு சறுக்கிப் போய்ப் பந்தை மட்டும் தட்டிவிட்டு எழுந்து நிற்பான்.

அவனும் சென்னையில் ஒரு அரசு அணிக்கு விண்ணப்பித்திருந்தான். அதை எழுதிக் கொடுத்ததே நான்தான். "இது மட்டும் கெடைச்சிட்டா நிரந்தர வேலைண்ணே. இந்த இஸ்திரிப் பெட்டியத் தூக்கிக் கடாசிருவேன்" என்று தினமும் சொல்வான்.

லைன் வீடுகளில் இருக்கிற நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள். அதனால் எல்லோருமே கம்பெனி விலாசத்தைத்தான் கொடுப்போம். ஆட்டக்காரர்களுக்கு வரும் தபாலை, வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் என்னிடம் தந்துவிடுவார்கள். ஒரு வியாழக்கிழமை அவனுக்குத் தபால் வந்தது. பிரித்துப் படித்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை அணித் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தாராபுரத்தில் ஃபைனல். எதிரணி, எங்கள் முதலாளியின் மச்சானுடைய கம்பெனி. "ஏனுங்க கோச்சு, இந்தத் தடவையும் தோத்தா நான் ஊட்டுக்குள்ளயே போக முடியாதுங்க" என்று முதலாளி புலம்பிக்கொண்டிருந்தார்.

காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைக்கிற டிஃபென்டர் அரை நொடி தயங்குவான். கோல் விழ அது போதும். இப்போது கொடுத்தால் இவன் காலை ஒளித்துக்கொண்டு ஆடுவான், ஃபைனல் முடியட்டும், அன்று மாலையே கையில் கொடுத்து மறுநாள் ரயில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் மண்ணைப் போட்ட அதே பேச்சு என் வாயிலிருந்து வருகிறது என்று தோன்றவில்லையே, அடச்சே!

வெள்ளிக்கிழமை பயிற்சியில், "தபால் ஏதும் வந்துச்சாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றேன். சனிக்கிழமையும் கேட்டான். "வந்தா குடுக்காமலா இருப்பேன்? போய்ப் பந்தப் பாருலே!" என்று கத்தினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிண்ணே என்று போய்விட்டான்.

ஃபைனலில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடிய ஐந்தாறு நிமிடம்தான். அவர்களுடைய ஆள் ஒருவன் பந்தோடு தனியாக உள்ளே வந்தான். ராமநாதபுரத்துக்காரன் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து சறுக்கினான். பந்து வெளியே போனது. அவன் கால் எலும்பு முறிந்த சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கோப்பை எங்களுக்குத்தான். முதலாளி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

திருப்பூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளேட் வைக்க வேண்டும், இனிப் பந்து கிடையாது, நாள் முழுக்க நிற்கிற வேலையும் சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. கடிதத்தை எடுத்து அவன் நெஞ்சின் மேல் வைத்து, "நான் பாவிலே, வியாழக்கிழமையே வந்திருச்சு" என்று அழுதேன்.

அவன் அதைத் தொடவில்லை. "தெரியும்ணே. வந்த அன்னிக்கே டைம் ஆபீஸ்ல சொன்னாக."

"தெரிஞ்சுமா என் சட்டையைப் பிடிக்காம இருந்த?"

"ரெண்டு நா கேட்டேன், வரலேன்னீக. சென்னையில வேணாம்னு எழுதிட்டாக போல, ஃபைனல் நேரத்துல நம்ம மனசு ஒடஞ்சிரும்னு அண்ணன் மறைக்கிறாருன்னு நெனச்சேன். அண்ணனுக்கு நம்ம மேல எம்புட்டுப் பாசம்னு இருந்துச்சு. சரி, இனிமே நமக்கு இந்தக் கம்பெனிதான், இந்தக் கப்பையாவது வாங்கிக் குடுப்போம்னு காலப் பாக்காம விழுந்துட்டேன்."

அவன் மனைவி குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "செவ்வாக்கெழம வரச் சொல்லிருக்காகளேண்ணே" என்றாள்.