சாம்பலூர் வியாபாரியும் விலக்குக் கடை உமாதேவியும்

கடை நடத்தும் விளையாட்டு என்று நினைத்துத்தான் உமாதேவி அதைப் போனில் இறக்கினாள். விளம்பரத்தில் ஒரு மேசை, மேசை நிறைய டப்பாக்கள், பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள். "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்கிறான். வேறென்ன நினைப்பாள்? எட்டு வருஷமாகக் கடையே கதி என்று கிடக்கிறவள் கண்ணுக்கு முதலில் கடைதான் படும். இறக்கித் திறந்தால் ஊர் முழுக்கச் சாம்பல். செத்தவர்கள் எழுந்து துரத்துகிறார்கள். கையில் ஒரு கம்பைக் கொடுத்து, உன் பாடு என்று விட்டுவிட்டார்கள். முதல் நாள் மட்டும் பதினோரு தடவை செத்தாள்.

அழித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரனை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் விட அவளுக்கு மனசில்லை. பன்னிரண்டாவது தடவை சாக்கடைக்குள் தவழ்ந்து போய் அவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

உமாதேவிக்கு முப்பத்தொன்பது வயது. இடைசெவலில் பிறந்தவள், பத்தாவது வரை படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை பார்த்தவள். வீட்டுக்காரர் முத்துசெல்வம் கோவில்பட்டியில் சுமை தூக்கினார். ஒருநாள் மூட்டையோடு படியில் சறுக்கி விழுந்தார், இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு வைத்ததுதான் இந்தக் கடை. புதூர்ச் சாலையிலிருந்து ஊருக்குள் பாதை பிரிகிற விலக்கில், தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு வேப்பமரம். இந்தக் கடை ஓடினால்தான் இரண்டு பேருக்கும் சோறு, அவருக்கு மாத்திரை, கோவில்பட்டி ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்குப் படிப்பு. ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்ததும் இல்லை, பயம்தான் காரணம்.

ஊர் உள்ளே இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. நூற்றிருபது வீட்டில் இப்போது நாற்பது வீட்டில் அடுப்பு எரிந்தால் அதிகம். மற்றவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். பகல் இரண்டு மணிக்குக் கரிசலில் அனல் பறக்கும்போது சாலையில் ஒரு நாய்கூட நடக்காது. நாலு மணி வரை கடைக்கு ஆள் வராது. அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் சாம்பலூரில் இருப்பாள். சாம்பலூர் என்பது விளையாட்டில் அந்த ஊருக்குப் பெயர்.

ஒரு வாரத்தில் அந்த வியாபாரி அவளைத் தூங்கவிடாமல் செய்துவிட்டான். இடிந்த பஸ் நிலையத்தில் நாலு பக்கமும் சுவர் சரிந்து மூடிய அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவளே சாக்கடை வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போனாள். இவன் இத்தனை பெட்டியோடு எப்படிப் போனான்? சரக்கு யார் கொண்டுவந்து போடுகிறார்கள்? ஊரில் உயிரோடு இருப்பது இவள் ஒருத்திதான், இவளை நம்பியா கடை போட்டான்? உடைந்த கடிகாரம், நனைந்த தீப்பெட்டி, பாம்புச் சட்டை என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. வாங்கி யாரிடம் விற்பான்? இங்கே அவனை விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனால், அங்கே அவளுக்கு முன்னாலேயே கடையை விரித்து உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. செத்தவர்கள் வாசல் வரை வருவார்கள், இவனைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள்.

"அவன் ஒண்ணுக்குப் போனா கடைய யாரு பாப்பா?" என்று முத்துசெல்வத்திடம் கேட்டாள்.

"ஏட்டி, அது பொம்ம."

"பொம்மயா இருந்தா என்ன, கடைக்காரம்லா?"

வியாபாரத்தில் அவனுக்குப் பழக்கமும் போதாது என்பது அவள் கட்சி. கேட்ட சாமான் கைவசம் இல்லாவிட்டால், "இல்லை, போ" என்கிறான். கடைக்காரன் வாயில் வருகிற பேச்சா இது? இந்தப் பக்கம் எந்தக் கடையிலும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு வரும்" என்பார்கள், அல்லது "வரணும்" என்பார்கள். இவன் மூஞ்சியில் அடித்தமாதிரி சொல்லியும் நொடித்துப்போகாமல் இருக்கிறான் என்றால் இவனுக்கு வேறு வரும்படி இருக்கவேண்டும். உமாதேவி அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

விளையாட்டைச் செய்தவர்கள் கோயம்புத்தூரில் நாலைந்து பேர். அவர்களுடைய இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவள் தன் கேள்விகளை எல்லாம் வரிசையாக எழுதிப் போட்டாள். மறுநாள் பதில் வந்தது: "அக்கா, இந்த மாதிரி விளையாட்டில் வியாபாரி என்றாலே அப்படித்தான். எல்லா நாட்டு விளையாட்டிலும் அப்படித்தான். யாரும் காரணம் கேட்பதில்லை." நான் கேட்கிறேன் என்று எழுதினாள். சிரித்த முகங்கள் நூறு விழுந்தன. ஆள் ஆளுக்கு அவளை "கடைக்கார அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி ஆபீசிலும் சரி, கடையிலும் சரி, அவள் பேச்சை இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒருநாள் கை சும்மா இருக்காமல் இப்படியும் எழுதிவிட்டாள்: "எனக்கென்னவோ இவனுக்கும் செத்தவர்களுக்கும் கூட்டு இருக்கிறமாதிரி படுகிறது. இல்லாவிட்டால் ஆள் இல்லாத ஊரில் கடை எப்படி ஓடும்?"

அதற்கு முந்நூறு பேர் ஆமாம் போட்டார்கள்.

அவளுடைய கடை எப்படி ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் முதல் பஸ்ஸில் கோவில்பட்டி போய், மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்து, கண்டக்டரிடம் சுமைக் கூலிக்குச் சண்டை போட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடுவாள். போகும்போது வெறுங்கையோடு போகமாட்டாள். நாற்பது வீட்டு முட்டையும் டவுன் ஹோட்டல்களுக்குப் போகும். ஆனி, ஆடியில் வேப்பமுத்து வாங்கி மூட்டை போட்டு அனுப்புவாள். விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அரிசி, பருப்பு. பக்கத்தில் புதிதாக வந்த சோலார் கம்பெனிக் காவலாளிகளுக்குப் பீடி, பிஸ்கட், போன் ரீசார்ஜ். காவலாளிகள் வடக்கத்திப் பையன்கள் என்பதால் அவர்களுக்காகக் கடுகெண்ணெய்கூட வாங்கிவைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி லாபம் நிற்கும். துளித் துளியாகச் சேர்ந்து மாசம் ஓடிவிடும்.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது, முட்டை கொடுக்கிறவர்களுக்கும் அது எங்கே போகிறது, அதில் என்ன நிற்கிறது என்று தெரியாது. முதல் பஸ் போகும்போது ஊர் தூங்குகிறது. அவளும் சொல்லிக்கொண்டதில்லை, வியாபாரத்தை வெளியில் சொல்லுவார்களா? ஊர் பார்த்ததெல்லாம், ஆள் குறையக் குறையக் கடையில் சரக்கு கூடுகிறது என்பதை மட்டுந்தான். இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் முகம் தெரியாத பையன்கள் வந்து நிற்பதையும் பார்த்தது. எப்படித்தான் ஓடுதோ என்று பெஞ்சில் உட்கார்ந்தே பேசிக்கொண்டார்கள். அவள் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டாள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தப்புப் பண்ணினாள், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கவேண்டும்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் ஜீப் வந்தது. தடைசெய்த போதைப்பாக்கு விற்பதாக மனு வந்திருக்கிறது என்றார் அதிகாரி. கூட வந்த மூன்று பேர் டப்பா டப்பாவாகக் கவிழ்த்தார்கள். சீனியில் கை விட்டார்கள். வேப்பமுத்து மூட்டையைச் சாலையில் கொட்டிக் கிளறினார்கள். ஊரிலிருந்து பதினைந்து இருபது பேர் வந்து வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"யாரு சார் மனு போட்டது?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. என்ன எழுதியிருக்குன்னு வேணா கேட்டுக்க." அதிகாரி தாளைப் பிரித்து வாசித்தார். "நாற்பது குடும்பம்கூட இல்லாத ஊரில் இந்தக் கடை எப்படி நடக்கிறது? சரக்கு எங்கிருந்து வருகிறது? வெளியூர் ஆட்கள் எதற்கு வருகிறார்கள்? இவருக்கும் கடத்தல்காரர்களுக்கும் கூட்டு இருப்பதாக ஊர்மக்கள் சந்தேகிக்கிறோம்."

உமாதேவிக்கு இரண்டு விதமாக இருந்தது. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வரிகளை அவளே எழுதியதுபோல இருந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லை. அதிகாரி நல்ல மனுஷன்தான், கொட்டியதை அள்ளிக்கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். ஆனால் ஜீப் வந்த கடை, ஜீப் வந்த கடைதான். மறுநாள் ஒருத்தரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காவலாளிப் பையன்கள் பயந்து வேறு கடைக்குப் போய்விட்டார்கள். முட்டை வரவில்லை, வேப்பமுத்து சீசனில் ஒரு படி வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஊர்க்காரர்கள்கூட பெஞ்சில் உட்காராமல் வெயிலில் போய் நின்றார்கள். ஐந்து நாளாகப் போணியே ஆகவில்லை.

"அடைச்சிட்டுப் போயிருவமா?" என்றார் முத்துசெல்வம்.

"எங்க போக?" என்றாள்.

அந்த ஐந்து நாளில்தான் சாம்பலூரில் புதிய மாற்றம் வந்தது. கோயம்புத்தூர்ப் பையன்கள் நன்றியோடு எழுதியிருந்தார்கள்: "கடைக்கார அக்கா கேட்ட கேள்விக்கு விடை!" திறந்து பார்த்தாள். வியாபாரிதான் ஊரை எரித்தவனாம். செத்தவர்களுக்குத் தீனி போடுகிறவனும் அவனேயாம். இனிமேல் எல்லா ஆட்டக்காரர்களும் ஒன்றாக உள்ளே வந்து அவனை அடிக்கலாம், அடித்தால் பெட்டியில் இருப்பதெல்லாம் இலவசம். அவள் பஸ் நிலையத்துக்குள் தவழ்ந்து போனபோது வெளியூர் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் அவனைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதை மாற்ற மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உமாதேவி அழுதாள். பொம்மைக்குப் போய் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் எழுதினாள்: "நான் எழுதியது தப்பு. அவர் விடியுமுன் எழுந்து போய்ச் சரக்கு எடுத்து வருகிறவராக இருக்கும். நாம் தூங்கும்போது போவதால் நமக்குத் தெரியவில்லை. அவரை விட்டுவிடுங்கள்." நாற்பது சிரித்த முகங்கள் விழுந்தன. செய்த மாற்றத்தை யாரும் திருப்பி எடுக்கவில்லை. அவள் அந்த விளையாட்டை அழித்துவிட்டாள்.

ஆறாம் நாள் காலையில் வன்னியபெருமாள் வந்தார். ஆடு மேய்க்கிறவர், அறுபது வயதிருக்கும். கடை திறந்த நாளிலிருந்து அவர் வெற்றிலை வாங்கும் இடம் இதுதான். ஆடுகளைச் சாலைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"கால் கிலோ கருப்பட்டி குடு தாயி."

அவள் தராசை எடுக்கவில்லை. "மனுல நீங்களும் கையெழுத்துப் போட்டீயளா மாமா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போட்டேன்."

"எட்டு வருசமா தெனமும் இங்கனதான வந்து உக்காருதீய. எப்படித்தான் கடை ஓடுதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்படாதா?"

"அதெப்படித் தாயி கேக்க?" அவருக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "ஒருத்தர் பொழப்ப மூஞ்சிக்கு நேரா கேக்கது மரியாதையா? நீ என்ன நெனப்ப?"

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போங்க வெளியே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முதல் போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பிய கடைக்காரி இந்தச் சீமையில் கிடையாது. அதுவும் ஐந்து நாள் கழித்து வந்த போணி. கருப்பட்டியை நிறுத்துக் காகிதத்தில் மடித்துக்கொடுத்தாள். கொடுக்கும்போது சொல்லவும் சொன்னாள். முதல் பஸ், ஹோட்டல் முட்டை, வேப்பமுத்து, காவலாளிப் பையன்கள் வாங்கும் கடுகெண்ணெய். எட்டு வருஷமாக ஒருத்தருக்கும் சொல்லாத வியாபாரம் முழுவதையும் ஒரு ஆடு மேய்க்கிறவரிடம் ஒப்பித்தாள்.

வன்னியபெருமாள் வாயைப் பிளந்து கேட்டார். "இம்புட்டுத்தானா? அப்பம் வீட்ல ரெண்டு மூட்ட வேப்பமுத்து கெடக்கு, நாளைக்குக் கொண்டாரட்டா?"

"கொண்டாங்க."

காசை நீட்டினார். போணிக் காசைக் கண்ணில் ஒற்றித்தான் பெட்டியில் போடுவாள். அன்றைக்கு மனசு வரவில்லை, சும்மா போட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள். வன்னியபெருமாள் ஊருக்குள் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சீனி, தேயிலை, சோப்பு என்று கேட்டு வாங்கினார்களே தவிர, மனுவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார்கள், மரியாதை தெரிந்தவர்கள். உமாதேவி தானாகவே ஆரம்பித்தாள். ஒவ்வொருவருக்கும் நிறுத்துப் போட்டுக்கொண்டே, எந்தப் பஸ்ஸில் போகிறாள், எந்தக் கடையில் எடுக்கிறாள், முட்டைக்கு என்ன நிற்கிறது என்று ஏழு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். உழைத்துத்தான் சாப்பிடுகிறேன் என்று ஊருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதாகிவிட்டதே என்று அவளுக்கு உடம்பு கூசியது. சொல்லாமல் விட்டால் கடை இருக்காது. எட்டாவதாக ஒரு பெண்பிள்ளை எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு, "நான் எந்நேரம் எந்திக்கேன் தெரியுமா?" என்று உமாதேவி மறுபடியும் ஆரம்பித்தாள்.