மனசு சரியில்லாதவங்க கையத் தூக்குங்க

போன வாரம் பி.பி. மாத்திரை வாங்க, கறம்பக்குடி பக்கத்தில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சு நிறையப் பெண்கள். படிவக் கட்டோடு வந்த நர்ஸ், எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"யாருக்காச்சும் மனசு சரியில்லாம இருக்கா? தூக்கம் வரலையா? இருந்தா கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அத்தனை படிவத்திலும் 'இல்லை' என்று டிக் விழுந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரைக்கு ஊசி குத்திப் பார்க்கிறீர்கள்... மனசுக்கு மட்டும் ஓட்டெடுப்பா?

பக்கத்தில் கலா என்றொரு பெண். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. நெஞ்சு படபடக்கிறது என்று நாலாவது முறையாக வந்திருக்கிறாள். இதுவரை மூன்று முறையும் கேஸ் மாத்திரை கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"தூக்கம் வருதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க வருது அக்கா... எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல கட்டட வேலைல சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. கம்பெனிக்காரன் ஊருக்கு அனுப்பிட்டான். ஒரு வருசமா படுக்கைதான். காலைல எந்திரிக்காமலே போயிட்டா தேவலன்னு இருக்கு."

"அப்ப ஏம்மா கையத் தூக்கல?"

"எங்கூரு ஆளுங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க. நான் வீடு போறதுக்குள்ள எனக்குப் பைத்தியம்னு ஊரே பேசும்."

அவளை அழைத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் கத்தினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சின்னப் பெண். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கலா அழுதாள்.

"மனநல டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க. கொஞ்ச நாளைக்கு வாராவாரம் அவங்களப் பாக்கணும். கண்டிப்பா வாங்க."

"வியாழக்கிழமை வேலை இருக்கே மேடம். இன்னைக்கே கெஞ்சித்தான் வந்தேன். வாராவாரம் லீவு போட்டா வேற ஆள வச்சுருவாங்க. ஞாயித்துக்கிழமை வாரேன், பாப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கிடையாதாம்.

விழுந்தவனைக் கைகழுவி அனுப்பியது ஒரு கம்பெனி. ஒருநாள் லீவு கேட்டால் வேலையைப் பிடுங்குகிறார் ஒரு முதலாளி. இடையில் நின்று திணறுகிறவளிடம் டென்ஷன் ஆகாதே என்கிறோம். சொல்வதற்கு நமக்குக் கூச்சமே கிடையாதா?

அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். அந்த முதலாளியிடம் நானே போய்ப் பேசப் போகிறேன். மரியாதையாகப் பேசுவேன் என்று உறுதி சொல்ல முடியாது.

கிளம்பும்போது நர்ஸ் கலாவுக்கு இன்னொரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். 'நோயாளி சிகிச்சைக்கு வர மறுத்தார்.' வேறு கட்டமே இல்லையாம்.

மறுத்தது யாருங்க?