ஆய்வுக்கு மிஞ்சிய மீன்

டிரைவர் அண்ணன் என் மேசைமேல் வைத்த சிவப்புப் பையில் நான்கு திலாப்பியா மீன்கள் இருந்தன. செதில் உரசி, குடல் எடுத்து, கழுவி, ஐஸ்கட்டி போட்டுக் கொண்டுவந்திருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர்.

அப்போது நான் ஷா ஆலமில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மேரு என்ற ஊர்ப்பக்கம், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஓர் ஏரியிலிருந்து மாதம் ஒருமுறை தண்ணீரும் மீனும் எடுத்துவருவது அண்ணனின் வேலை. ஆய்வுக்கு ஆறு மீன் போதும். வலையில் விழுந்த மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவார், எங்களுக்கும் பங்கு வைப்பார். மற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்கள். எனக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது. முடிவுகளோ ஒட்டிய உறையில் ஆய்வு கேட்ட கம்பெனிக்குப் போகும். மீனைச் சுமந்து வந்தவருக்கு அதில் என்ன இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. வெளியே பேசமாட்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

அந்த மீனின் சதையை அமிலத்தில் கரைத்துப் பார்த்தவள் நான்தான். ஈயமும் காட்மியமும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. அன்று மாலை பையை எங்கள் அடுக்குமாடிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பூனை கிளறித் தின்றுவிடக் கூடாதே என்று இன்னொரு பை சுற்றிக் கட்டினேன். பூனைமேல் அவ்வளவு கரிசனம் எனக்கு!

மறுநாள் அண்ணன், "மீனு எப்படிமா இருந்துச்சு?" என்றார்.

"சூப்பர் அண்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வீட்டுல மருமக மாசமா இருக்கா. வேற எதுவும் எறங்கமாட்டேங்குது லா. மீன் பெரட்டல்தான் கேக்குறா."

உண்மை தொண்டைவரை வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிட, சூப்பர் என்று சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்ற வெட்கம்தான் என்னைத் தடுத்தது. இதை எழுதவே கூசுகிறது. வேலை மாறிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகும்வரை மாதாமாதம் அந்தப் பையை வாங்கினேன், மாதாமாதம் சூப்பர் என்றேன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைப் பார்த்தேன். பேத்தியைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். ஏழு வயதாம், இன்னும் சொற்கள் கூடிவரவில்லை. மீன்தான் காரணமா என்று என்னால் சொல்லமுடியாது. இல்லை என்றும் சொல்லமுடியாது.

"இந்த ஆன்டி லேப்ல பெரிய ஆளும்மா," என்று பேத்தியிடம் பெருமையாகச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பேக்டரி பக்கத்து மீனுன்னு மருமக மொதல்ல பயந்துச்சு. டெஸ்ட் பண்ற பொண்ணே வாங்கிச் சாப்புடுது, நீ பயப்படாம சாப்புடுன்னு நான்தான் சொன்னேன்," என்று சிரித்தார்.

"நான் ஒரு வாய்கூடச் சாப்பிடல அண்ணே. எல்லாத்தையும் குப்பையில போட்டேன்," என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் என் பக்கம் நின்றிருந்த பேத்தியை மெல்ல இழுத்துத் தன் மறுபக்கம் நிறுத்திக்கொண்டார்.