கழுதைக்குட்டியின் குரலுக்குப் பூச்சியம்

வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது சிவநேசன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் ஞாயிறு படவட்டத்தின் செயலாளர் அவர். "வதனி அக்கா, அருளப்பர் மோசம் போயிட்டார். காலமை ஹார்ட் அட்டாக். கொட்டாஞ்சேனை வீட்டிலதான் வைச்சிருக்கு" என்றார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு கடைக்காரரோடு காய் முற்றல் என்று சிங்களத்தில் சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி நேசன் கேட்டார். என்னிடம் நல்லதாக ஒன்றரை வரிதான் இருக்கிறது என்றேன். "அப்ப உள்ளதை எழுதுங்கோ அக்கா" என்றார். பாவம், வாய் தவறிச் சொல்லியிருப்பார். நான் பிடித்துக்கொண்டேன். அருளப்பரைத் தெரிந்தவர்கள்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். அவர் சிரித்த முகத்தோடு எல்லோரையும் வரவேற்றவர் என்று நான் எழுதினால் முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான்.

வானொலியில் ஒலிப்பதிவு அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். நாங்கள் படம் காட்டிய இடம் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மாடியில் இருக்கும் டியூஷன் மண்டபம். புரொஜெக்டர், ஸ்பீக்கர், திரை எல்லாம் அவர் பொறுப்பு. ரயில் போனால் கையைத் தூக்கிப் படத்தை நிறுத்துவார். ரயில் போய் முடிந்து, தண்டவாளம் அடங்கி, அவர் கையை இறக்கிய பிறகுதான் படம் தொடரும். பழைய படம் ஒன்று புதுப்பித்து வெளிவந்தால் அதன் டிவிடி இறுவட்டை முதலில் தன் வீட்டில் போட்டுப் பார்த்து, படத்துக்கு இவ்வளவு, சத்தத்துக்கு இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க் எழுதி மண்டபக் கதவில் ஒட்டுவார். நேசனின் மகளுடைய கலியாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்று, வீடியோக்காரரிடம் "வெள்ளை பிழை. பொம்பிளை நீலமா இருக்கிறா" என்று சத்தமாகச் சொன்னவரும் இவர்தான். பெண் அழுதுவிட்டாள். அருளப்பர் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

எனக்கு அவரை ஒன்பது வயதிலிருந்தே தெரியும். உப்பு வியாபாரி ஒருவனின் கழுதைக்குட்டி கடலைப் பார்க்கப் புறப்படுகிற கதை. வெளிநாட்டில் கையால் வரைந்து எடுத்த கார்ட்டூன் படம். டெலிவிஷனில் போடுவதற்காக அதைத் தமிழில் பேசி எடுத்தார்கள். நான்தான் கழுதைக்குட்டி. பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன ஸ்டூடியோ, பதிவு செய்தவர் அருளப்பர். "கடல் இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற ஒரு வசனத்தை எத்தனை தரம் சொல்ல வைத்தார் என்று கணக்கில்லை. நான் அழத் தொடங்கியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இப்ப சொல்லு பிள்ளை. இப்பத்தான் குரல் சரியா வந்திருக்கு" என்றார். அந்த அழுகைக் குரலைத்தான் படத்தில் வைத்தார். இந்த மனிதருக்கு எல்லோரும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அம்மா அந்த மூன்று நாளும் ஸ்டூடியோ வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடச் சொல்லிக் கேட்டபோது, "அம்மாமார் மூச்சு விட்டாலே மைக்கில கேக்கும்" என்று அருளப்பர் கதவைச் சாத்தினார். ஆகவே நான் பேசியதை அம்மா கேட்கவில்லை. படம் இரண்டு தரம் ஒளிபரப்பானது. முதல் தரம் எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை. இரண்டாம் தரம் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நின்றார் அம்மா. அந்த நாடாவை அழித்து அதில் வேறு எதையோ பதிந்தார்கள் என்று பிறகு அறிந்தோம். அந்தக் காலத்தில் அது வழக்கம். அதற்குப் பிறகு எந்தக் குழந்தை டெலிவிஷனில் பேசினாலும் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார். "உன்ர குரல் இப்பிடித்தான் இருந்திருக்கும் என்ன?" என்பார். நான் ஐம்பதைத் தொட்ட பிறகும் கேட்டார்.

அந்தப் படம் சில வருடங்களுக்கு முன்பு புதுப்பிக்கப்பட்டு மறுபடி வெளிவந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் மொழிகளின் வரிசை. அதில் கடைசியாகத் தமிழ். நாங்கள் அழித்ததன் பிரதியை அந்த வெளிநாட்டுக் கம்பனி எங்கோ ஒரு அலுமாரியில் கவனமாக வைத்திருந்திருக்கிறது. படவட்டம் ஒரு இறுவட்டு எடுப்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காட்சி என்று நேசன் அறிவித்தார். அம்மாவுக்கு அப்போது எண்பத்துமூன்று வயது, மூச்சுக் கஷ்டம். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, இரண்டு இடத்தில் நின்று நின்று அந்த மாடிப்படி ஏறினார்.

கதவில் தாள். படம்: அறுபது. ஆங்கிலச் சத்தம்: ஐம்பத்தைந்து. தமிழ்ச் சத்தம்: பூச்சியம். போடப்படமாட்டாது.

ஆட்கள் உட்காருமுன் அருளப்பர் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். அதில் ஒன்றும் பிழையில்லை, அதுதான் ஆத்திரம். "பிலிமில பொரிபொரியா இருக்கிற புள்ளியளை அழிக்கிறம் எண்டு பென்சில் கோட்டையும் சேர்த்து அழிச்சிட்டாங்கள். குட்டிக்கு கண்மயிர் இல்லை, பாருங்கோ. கடல் சாம்பல் பச்சை. இப்ப நீலம் போட்டுத் தோய்ச்ச வேட்டி மாதிரி இருக்கு. சத்தத்தை நாலு பக்கமும் பிரிச்சிருக்கிறாங்கள். கழுதை முன்னால போகுது, குளம்பு பின்னால கேக்குது" என்றார். சனம் சிரித்தது. தமிழைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் புரொஜெக்டர் மேசைக்குப் போனேன். "அங்கிள், அம்மா வந்திருக்கிறா. தமிழில போடுங்கோ" என்றேன்.

"ஏலாது. குரல் பிழை."

"என்ன பிழை?"

"காது இருக்கிறவைக்கு விளங்கும்."

"பத்து நிமிஷமாவது போடுங்கோ. அம்மா ஒருநாளும் கேட்டதில்லை."

"பிழையானதை நான் போடமாட்டன், வதனி. போய் இருங்கோ."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேச்சைத்தான் பிழை என்கிறார் என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையாகக் கூனிக் குறுகித் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது அந்த ரிமோட்டைப் பறிப்பதுதான். செய்யவில்லை. படம் ஆங்கிலத்தில் ஓடியது. மூன்று ரயில் போனது, மூன்று தரம் நிறுத்தினார். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லைட் போட்டதும் என் பக்கம் குனிந்து, "எங்க பிள்ளை உன்ர குரல்? நான் இடையில நித்திரையாப் போனனோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் இறுவட்டை இரவல் கேட்டேன். பிழையான சாமானை வீடுவீடாகக் கொடுக்கமாட்டேன் என்றார். லண்டனில் இருக்கும் மச்சாளிடம் சொல்லி ஒன்று அனுப்புவித்தேன். பார்சல் சுங்கத்தில் கிடந்தது. அது என் கைக்கு வந்தபோது அம்மா இறந்து ஒன்பது நாள்.

தனியே இருந்து போட்டுக் கேட்டேன். அருளப்பர் சொன்னது சரி. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன், ஆனால் சரி. திரையில் துள்ளியோடும் குட்டிக்கு யாரோ ஒரு களைத்த, கனத்த பிள்ளையின் குரல். கனநாள் அதைப் போட்டுக் குடைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சினிமாப் படம் ஒரு செக்கனுக்கு இருபத்துநாலு படம் ஓடும். எங்கள் டெலிவிஷனில் இருபத்தைந்து. நாங்கள் பேசியது அந்த வேகமான பிரதிக்கு. புதிய வெளியீட்டில் படத்தை அதன் சொந்த வேகத்துக்குத் திருப்பியவர்கள், எங்கள் தமிழையும் கூடவே இழுத்து நீட்டிவிட்டார்கள். எல்லாக் குரலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் அந்த வேகத்தை மறுபடி கூட்டினேன். ஒன்பது வயது வதனி, மூக்கால் அழுதுகொண்டு, "கடல் இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள். சின்னச் சின்ன வித்தியாசம்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு தரம் கேட்டவுடனே அது என் குரல் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் நல்ல ஒன்றரை வரி இதுதான்.

பிறகு ஒருநாள் ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது அவரை பஸ் நிறுத்தத்தில் கண்டேன். கையில் மருந்துப் பை. நேரே போய், "அங்கிள், நீங்கள் சொன்னது சரி. வேகம் பிழை" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"அம்மாவுக்கு அந்தப் பிழை கேட்டிருக்காது."

"எனக்குக் கேட்டிருக்கும்" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போனார். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

செத்த வீட்டுக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் நேசன் மனம் நோவார். பெட்டிக்குத் தலைமாட்டில் ரீட்டா அக்கா, அவருடைய மனைவி, உட்கார்ந்திருந்தார். செபம் முடிந்து பாட்டுத் தொடங்கியதும் அவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் மேலே சத்தமாக, ஒரு வரி விடாமல் பாடினார். பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண் என் காதருகே, "அவர் இருக்கும்வரைக்கும் அக்கா வீட்டில வாய் திறந்து பாடினதில்லை. சுருதி பிழையாம்" என்றாள். சுருதி பிழைதான். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுவரை தெரிந்தது. இப்படிக் கேட்க எனக்கு முன்பு தெரியாது. அந்த இறுவட்டோடு மல்லுக்கட்டி வந்த பழக்கம் இது. அருளப்பரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் காது ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க முடியாது, வைத்துக்கொள்கிறேன்.

பாட்டு முடிந்து நான் கையைப் பிடித்தபோது ரீட்டா அக்கா கேட்டார். "வதனி, உங்களுக்குத் தெரியும்தானே. பிழையாத்தான் பாடினனான், என்ன?"

"ஓம் அக்கா. கொஞ்சம் இறங்கிப் போச்சு. எண்டாலும் வடிவா இருந்தது" என்றேன். அவர் என் கையை விடவில்லை. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவும் அருளப்பருக்காக இல்லை. அன்று அந்த மண்டபத்தில் அவர் என் அம்மாவிடம் வந்து, "குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு அம்மா, எண்டாலும் கேளுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டிருப்பார்.