கழிப்பறைக் கதவுக்குக் கிடைத்த பரிசு

பயிற்சியின் முதல் நாள் எங்களுக்குச் சேமியா கொடுத்தார்கள். சமைக்க இல்லை, கோபுரம் கட்ட.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் நடந்த பயிற்சி அது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, தங்களைச் சுற்றியுள்ள பிரச்சினையைத் தாங்களே கண்டுபிடித்து, கையால் ஒரு பொருள் செய்து, தாங்களே தீர்க்கப் பழக வேண்டும் என்று மேலிடத்துக்குப் புதிதாக ஓர் ஆசை வந்திருந்தது. அதற்காகச் சுற்று வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளைஞர். நீளமான, கெட்டியான வெளிநாட்டு நூடுல்ஸ் குச்சிகள் வேண்டுமென்று அவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறார். வாங்கப் போனவர் தமக்குப் புரிந்ததைக் கடைக்காரரிடம் சொல்ல, கடைக்காரர் தமக்குப் புரிந்ததைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கோபுரத்தின் உச்சியில் வைக்க மெத்தென்று ஒரு மிட்டாயும் கேட்டிருந்தாராம். தேன்மிட்டாய் வந்திருந்தது.

நாற்பது, ஐம்பது வயது ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து சேமியாவைச் செலோடேப்பால் ஒட்டினோம். தேன்மிட்டாயை வைத்ததும் எங்கள் கோபுரம் சரிந்து விழுந்தது. இளைஞர் கைதட்டினார். "சூப்பர்! சீக்கிரமா தோத்துப் போங்க. அதுதான் கத்துக்கறது" என்றார். தோற்றால் முட்டி போட வைத்துப் பழகியவள் நான். நானும் கைதட்டினேன். பக்கத்தில் இருந்த டீச்சர் உடையாத சேமியாவாகப் பார்த்துப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பாயசம் வைப்பாராம். அந்த மூன்று நாளில் உருப்படியாகத் தீர்ந்த பிரச்சினை அது ஒன்றுதான்.

என் பள்ளிக்கூடம் ஐயம்பேட்டையைத் தாண்டி இருக்கிறது. தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளும், அப்பாவோ அம்மாவோ கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பயிற்சியில் கொடுத்த மஞ்சள் ஒட்டுச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனேன். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, ஒரு பிரச்சினை எழுதச் சொன்னேன். உலக வெப்பமயமாதல் என்று பதினோரு பேர் எழுதினார்கள். பிளாஸ்டிக் ஒழிப்பு என்று ஒன்பது பேர். ஒருவன் "மூன்றாம் உலகப் போர்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தான். எனக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்கு அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தது.

"கட்டுரைப் போட்டி இல்ல இது. தினம் உங்களுக்கு எது கஷ்டமா இருக்குதோ அதை எழுதுங்க. பேர் போட வேணாம்" என்று இரண்டாவது சீட்டு கொடுத்தேன்.

இந்த முறை வந்தவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். பஸ்ஸில் கூட்டம், தம்பியைத் தினமும் தூக்க வேண்டியிருக்கிறது, முட்டை உரிக்கும்போது பிய்ந்து போகிறது. ஒன்றில் இப்படி இருந்தது: "சயின்ஸ் மிஸ் கேள்வி கேட்டுட்டு அவங்களே பதில் சொல்லிடறாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?" யாருடைய கையெழுத்து என்று கால் மணி நேரம் ஆராய்ந்தேன். பிறகு வெட்கப்பட்டு, அதை மட்டும் மடித்து என் பர்ஸில் ஒளித்தேன். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதும் நான்தானே.

மிச்சத்தில் எட்டுச் சீட்டுகளில் ஒரே விஷயம். பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட முடியவில்லை.

மறுநாள் பெண் பிள்ளைகளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். முதல் பெஞ்சில் உட்காரும் நெசவாளி மகள்தான் எல்லாருக்குமாகப் பேசினாள்.

"எத்தினி நாளா இப்படி?"

"நாங்க ஆறாவது வந்ததுலருந்தே மிஸ்."

"அப்ப எப்படிப் போறீங்க?"

"ஒருத்தி உள்ள போவோம். இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கினு நிப்பா." சற்றுத் தயங்கினாள். "நீங்கதான் ஒருத்தர் ஒருத்தராத்தான் போணும்னு சொல்லிட்டீங்க மிஸ். அதனால உங்க பீரியட்ல யாரும் கேக்கறதில்ல."

"அடக்கிக்கினா உக்காந்திருக்கீங்க?"

"காலைலருந்து தண்ணி குடிக்க மாட்டோம் மிஸ். அப்ப வராது."

அந்த விதியை ஜூன் மாதம் நான்தான் போட்டேன். இரண்டிரண்டாகப் போவது அரட்டை அடிக்கத்தான் என்று முடிவு கட்டி, கரும்பலகையிலேயே எழுதி வைத்தேன். வகுப்பு அமைதியாகிவிட்டது என்று ஆசிரியர் அறையில் பெருமையும் அடித்துக்கொண்டேன். தண்ணீர் குடிப்பதன் அவசியம் பற்றிப் பாடம் எடுத்ததும் அதே வகுப்பில்தான். எங்கள் கழிப்பறைக்குத் தனிப் பூட்டும் சாவியும் உண்டு. பிள்ளைகளுடையதை எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று போய்ப் பார்த்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. நிலையில் அது நுழைய வேண்டிய ஓட்டையும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்று விரற்கடை. யாரோ ஒருவர் கதவை அளந்து, வேறு யாரோ ஒருவர் நிலையை அளந்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பிரச்சினையைப் படிவத்தில் எழுதிக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தலைமையாசிரியரிடம் போனேன். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். அது வரை ஒன்றும் நடக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் வேண்டுதல்.

"கழிப்பறைல பிரச்சினைன்னு எழுதாதீங்கம்மா. எல்லா வசதியும் நல்லா இருக்குதுன்னு போன மாசம்தான் ஆன்லைன்ல ஏத்தி விட்டேன்."

"தாழ்ப்பா போட முடியல சார்."

"இருக்குது இல்ல? தாழ்ப்பாள் இருக்கிறதா, ஆம், இல்லைன்னு கேட்டிருந்தாங்க. ஆம்னு போட்டேன். போட முடியுமான்னு எங்க கேட்டாங்க?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "வெளியில எங்கயாவது ஒரு பிரச்சினைய எடுத்துக்கோங்க. ஊர்ல இல்லாத பிரச்சினையா?"

பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக ஊருக்குள் போனார்கள். மளிகைக் கடைக்காரர், "எனக்கு இன்னாபா பிரச்சினை? நீங்க கடைய மறச்சிக்கினு நிக்கறதுதான் பிரச்சினை" என்று விரட்டினார். கோயிலில் விசாரிக்கக் கூடாது என்றார்கள். வார்டு உறுப்பினர் வீட்டில் பிஸ்கட் கொடுத்து, எங்கள் வார்டில் குறையே கிடையாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். திரும்பி வந்ததும் முதல் பெஞ்சுப் பெண் சொன்னாள்:

"ஊர்ல யாருக்கும் பிரச்சினை இல்லயாம் மிஸ். நமக்குத்தான் இருக்குது."

கடைசியில் தாழ்ப்பாளையே எடுத்துக்கொண்டோம். படிவத்தில் "வீட்டுப் பாதுகாப்புக் கருவி" என்று தலைமையாசிரியர் தம் கையாலேயே எழுதினார்.

அடுத்த மூன்று வாரம் என் வாய் பட்ட பாடு அதற்கு முன் எப்போதும் பட்டதில்லை. ஒரு கட்டையை ஆணியில் கோத்துக் கதவில் அடித்தால், திருப்பி நிலைக்குக் குறுக்கே நிறுத்திவிடலாம். முதல் நாளே எனக்குத் தெரியும். தச்சர் வந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் பர்ஸில் இருந்த சீட்டு என்னைப் பேச விடவில்லை. அவர்கள் முதலில் கயிறு கட்டினார்கள். உள்ளே போனவள் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு கதவுக்குக் குறுக்கே ஒரு கழியைச் செருகினார்கள். அது இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை விழுந்த இடத்திலிருந்து யாரும் எடுக்க முன்வரவில்லை. பையன்கள் அட்டையில் மாதிரி செய்தார்கள். பெண்கள் அதை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து திட்டினார்கள். பதில் தொண்டை வரைக்கும் வரும்போதெல்லாம் நான் வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒருவழியாகத் திருப்புகிற அந்தக் கட்டைக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். என் யோசனையோடு அது நின்றிருந்தால் கட்டை என் தோள் உயரத்தில் இருந்திருக்கும். அவர்கள் ஆறாம் வகுப்பிலேயே குள்ளமான பெண்ணைக் கூட்டி வந்து, அவள் கை எட்டும் இடத்தில் குறி போட்டார்கள். ஈரக்கை வழுக்குகிறது என்று ஒருத்தி சொல்ல, நெசவாளி மகள் வீட்டில் மிஞ்சிய பட்டு நூலைக் கொண்டு வந்து கட்டையின் நுனியில் நெருக்கமாகச் சுற்றினாள். பட்டுப் பிடி போட்ட கழிப்பறைத் தாழ்ப்பாள் வேறு எந்த ஊரிலாவது இருக்குமா என்று தெரியவில்லை. ஆணிக்குப் பதில் கதவைத் துளைத்து ஒரு நீளப் போல்ட்டைக் கட்டையோடு இறுக்கி, அதன் வெளி நுனியில் பாட்டில் மூடியைப் பொருத்தி நகப்பூச்சால் அம்பு வரைந்து, கதவில் அதன் பக்கத்தில் பச்சையும் சிவப்பும் தீட்டினார்கள். உள்ளே கட்டை திரும்பினால் வெளியே அம்பும் திரும்பும். பச்சைக்கு நேராக நின்றால் போகலாம், சிவப்பு என்றால் ஆள் இருக்கிறார்கள்.

"தட்டிப் பாக்கறாங்க மிஸ். உள்ளருந்து இருமிக்கினே இருக்கணும். இனிமே இரும வேணாம்" என்றாள் ஒருத்தி.

எனக்கு இது தோன்றியிருக்காது.

கண்காட்சி சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். சார்ட்டில் வரைந்தால் போதாது, செயல்படும் மாதிரி வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மாதிரிக்கு ஒரு கதவு வேண்டும். கட்டை மாட்டிய கதவு எங்களிடம் அந்த ஒன்றுதான். தலைமையாசிரியர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றச் சொன்னார். ஒரு பிள்ளையின் அப்பா ஓட்டும் லோடு ஆட்டோவில் அதைப் படுக்க வைத்து ஏற்றினோம். கழிப்பறை வாசலில் பெட்ஷீட் கட்டினோம். ஒரே ஒரு நாள்தானே என்றார் அவர்.

எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. பேப்பர் போட்டால் பெண் குரலில் ஆங்கிலத்தில் நன்றி சொன்னது. சில சமயம் போடாமலே சொன்னது. அதைச் செய்ததாகச் சொன்ன பையனிடம் என் பிள்ளைகள் எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். "அப்பாவத்தான் கேக்கணும்" என்றான்.

நடுவர் எங்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இதுல டெக்னாலஜி எங்க இருக்கு?"

"டெக்னாலஜி இல்ல சார். தாழ்ப்பாதான் இருக்குது" என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

"சென்சார் ஏதாவது வெச்சிருக்கலாமே."

"கரண்டு போச்சின்னா சார்?"

அவர் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். முதல் பரிசு குப்பைத்தொட்டிக்கு. எங்களுக்குச் சிறப்புப் பாராட்டு என்று ஒரு சான்றிதழும் சின்னக் கோப்பையும் கிடைத்தன. எங்கள் பள்ளிக்கூடம் கோப்பை எதையும் பார்த்து நெடுநாள் ஆயிற்று. தலைமையாசிரியரின் கண் நிஜமாகவே கலங்கியது. மறுநாள் கதவு திரும்பி வந்தது. கழிப்பறைக்கு அல்ல, அவர் அறைக்கு. மேசைக்குப் பின்னால் சுவரில் சாத்தி, சான்றிதழை அதன் மேலேயே ஒட்டி, மாலையும் போட்டுவிட்டார்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கேட்டேன்.

"பரிசு வாங்கின பொருள்மா அது" என்றார். "அங்க மாட்டினா நனைஞ்சிடும் இல்ல?"

பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "முன்ன தாழ்ப்பா இல்ல மிஸ். இப்ப கதவே இல்ல." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்றே டீச்சர்கள் கழிப்பறைச் சாவியை எட்டாம் வகுப்பின் கதவருகே ஆணியில் மாட்டினேன். இடைவேளையில் அங்கே வரிசை நின்றது. மற்ற டீச்சர்கள் முகம் சுளித்தார்கள். நானும் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னால் பதினாறு பேர்.

பாராட்டு வாங்கிய பள்ளிகளைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் அறையில் டீ கொடுத்தார்கள். என்னையும் முதல் பெஞ்சுப் பெண்ணையும் விளக்கம் சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி மாலை போட்ட கதவைப் பார்த்தார்.

"இது மாடலா? ஒரிஜினல் எங்க மாட்டியிருக்கீங்க?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லிப் பழகிய ஆள் நான் என்று அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தேன்.

"இதான் மேடம் ஒரிஜினல்" என்றாள் அவள். "அங்க பெட்ஷீட் தொங்குது."

அதிகாரி டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். கோபப்படவில்லை. "மாட்டுங்க. நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை வராந்தாவில் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மாலையைக் கழற்றினோம். வாட்ச்மேன் கீல்களில் திருகாணி முடுக்க, தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவின் அடியைத் தாங்கிப் பிடித்தார். சான்றிதழ் கதவோடு போயிற்று. உரித்தால் கிழியும் என்று அவர் தொட விடவில்லை.

மாட்டி முடித்ததும் அதிகாரி எழுந்து உள்ளே போனார். அம்பு சிவப்புக்குத் திரும்பியது. நாங்கள் எல்லாரும், மொத்த எட்டாம் வகுப்பும், அந்த அம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி நின்று பார்ப்பது மரியாதை இல்லை என்று முதலில் உறைத்தது தலைமையாசிரியருக்குத்தான். "போங்க, போங்க, கிளாசுக்குப் போங்க" என்று கிசுகிசுப்பாக விரட்டினார். ஒருவரும் நகர்வதற்குள் அம்பு பச்சைக்கு வந்துவிட்டது.

"தாழ்ப்பாள் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அதிகாரி, கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி. "ஆனா தண்ணி வரலையே?"

பார்வையாளர் பதிவேட்டை வாங்கி, அதையே இரண்டு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். பிறகு, "ஒரு வகையில நல்லதும்மா. இனி நான் எழுத வேண்டியதில்ல, அவங்களே எழுதிட்டாங்க" என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது.

அடுத்த வாரம் பிளம்பர் வந்தார். என் பிள்ளைகள் நோட்டோடு அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முதலில், "யாரும்மா இதுங்க, வேலை செய்ய விட மாட்டேங்குதுங்க" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். பிறகு யாரோ ஒருத்தி, "இந்த வேலைல உங்களுக்கு எது கஷ்டம்ணா?" என்று கேட்டிருக்கிறாள். மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். இடுப்பு வலியில் தொடங்கி, குனிந்தபடி டார்ச்சை வாயில் கவ்வ வேண்டியிருப்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். மதிய மணி அடித்தும் அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகள் சத்துணவுத் தட்டில் அவருக்கும் சாம்பார் சாதம் வாங்கி வந்து வைத்து, எழுதிக்கொண்டே இருந்தார்கள்.