முள்முடியின் உள்பக்கம்

வெந்நீரில் ஊறிய ரோசாக் கொடியை அந்த விரல்கள் மெல்ல வளைக்கின்றன. அவசரப்பட்டால் கொடி முறிந்துவிடும். முள் இருக்கும் இடத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுகொண்டு விலகுகிறது. கொழுந்து பறித்துப் பறித்து நுனி கறுத்துப்போன விரல்கள். எப்போதாவது ஒரு முள் ஏறிவிட்டால் கையை உதறுவதில்லை. விரலை ஒருமுறை சப்பிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறார்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் சலேத்மேரியை, தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் எல்லோரும் சலேத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளியன்று தேயிலை மலையில் ஏறும் சிலுவைப் பாதைக்கு முள்முடி செய்து கொடுப்பது பல வருடங்களாக அவர் வேலை.

தவக்காலத்தில் சலேத்தக்கா இறைச்சியோடு தேத்தண்ணியையும் விட்டுவிடுவார். நாளெல்லாம் தேயிலைக்குள் நின்றுவிட்டு வந்து சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடிப்பார். "எறைச்சி என்னா, மாசத்துக்கு ஒருக்காதான். அத விட்டா ஆண்டவருக்கு தெரியவா போகுது? தேத்தண்ணிய விட்டாதான் 'அட பாவமே'ன்னு திரும்பிப் பார்ப்பாரு" என்பார். திருநீற்றுப் புதன் கழிந்த முதல் வாரம் தலைவலியில் கொதித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாரும் போவதில்லை.

இந்த வருடம் அந்த வாரம் பார்த்துத்தான் அடுத்த வீட்டு ஜீவராஜின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, லயத்துக்குப் பின்னால் சலேத்தக்கா போட்டிருந்த லீக்ஸ் பாத்தியை அடியோடு மேய்ந்துவிட்டது. கொழுந்து லொறி ஓட்டும் ஜீவராஜ் நிலைமை தெரியாமல் சிரித்துவிட்டார். "மாட்டுக்கு ஏதுக்கா தவக்காலம்?"

அன்றோடு பேச்சு நின்றது. ஜீவராஜோடுதான் பேச்சில்லை; மாட்டோடு உண்டு. "ஏண்டி செவலை, பீலியில வாளிய வச்சிட்டுப் போனா மத்தவங்க தண்ணி புடிக்க வேணாமான்னு ஒங்க மொதலாளிகிட்ட கேளு." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்: "செவலை, வாளிய எடுத்துட்டேன்னு அக்காகிட்ட சொல்லிரு." செவலை அசைபோட்டபடி இரண்டு பக்கமும் பார்க்கும்.

இதற்கிடையில் கோயில் கூட்டத்தில் இயேசு வேடத்துக்கு ஜீவராஜைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முள்முடியின் உள்பக்கம் எப்படி இருக்கப்போகிறது என்பதுதான் தவக்காலம் முழுக்க லயத்துப் பேச்சு. ஜீவராஜ் தாடியைத் தடவிக்கொண்டு போவார்.

சலேத்தக்காவுக்கு வேறு கவலை. மனத்தாங்கலோடு யாரும் ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரவேண்டாம் என்று ஃபாதர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். "நாப்பது நாளு தேத்தண்ணி இல்லாம கெடந்துட்டு, கடைசியில நன்மை வாங்காம பெஞ்சில ஒக்காந்திருக்கவா? பேசணும்னுதான் நெனக்கிறேன். அந்தாளப் பார்த்தா லீக்ஸுதான் கண்ணுல வருது."

இன்று பெரிய வியாழன். வேலை முடிந்து வந்த கையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் சண்முகவடிவு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்.

"என்னாக்கா, உள்ளுக்குள்ள எத்தன முள்ளு விடப்போற?"

"ஒரு லீக்ஸுக்கு ஒண்ணு."

"அடி ஆத்தி! மனுசன் செத்தான்."

"பெரிய வெள்ளிக்கு சாகத்தானே வேணும்? மூணாம் நாளு எந்திரிச்சிருவான், போ."

இருவரும் சிரித்த சிரிப்பில் செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அது சரி, இதையும் மாட்டுகிட்டயே குடுத்துவிடப் போறியா?"

சலேத்தக்கா நகவெட்டியை எடுத்து உள்பக்க முட்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். கட்டைவிரலை உள்ளே வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி நறுக்கினார். திருப்தி வரவில்லை. உள்ளே போய், கூடைக் கயிறு உறுத்தாமலிருக்கத் தலையில் மடித்து வைக்கும் துணியைக் கொண்டுவந்து நீளமாகக் கிழித்தார். குனிந்து தைக்கும்போது, கயிறு பதிந்து பதிந்து முன்னந்தலையில் முடி தேய்ந்த தடம் தெரிந்தது.

"ஏங்க்கா, அப்பறம் எத வச்சிக் கூடை தூக்குவ?"

"நாளைக்கு ஏது வேல? நூல வெட்டு."

கீழே ரோட்டில் லொறி நின்றது. ஜீவராஜ் மேலே ஏறி வந்தார். வழக்கம்போல இந்தப் பக்கம் பார்க்காமல் தன் வாசலுக்குத் திரும்பினார். சலேத்தக்கா எழுந்தார். செவலை, தன்னிடம்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்பதுபோல் காதை விறைத்தது. அவர் அதைத் தாண்டி நடந்தார்.

முள்முடியை நீட்டினார். ஜீவராஜ் உடனே வாங்கவில்லை. ஒற்றை விரலை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் துணியின்மேல் மெல்ல நகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

"பாத்துப் புடி தம்பி. வெளியில முள்ளு இருக்கு" என்று, அவருடைய இரண்டு கைகளையும் விரித்து அதில் வைத்தார் சலேத்தக்கா.